பிட்டிலிருந்து பனியன் வரை: கொங்கு நாட்டில் ஒரு ராக் புகைப்பட வாரம்

வியாழன், கோவை

தை பாதியில் தொடங்கி மாசி முடியும்வரை கோவையில் கல்லூரி விழாக் காலம். பரீட்சை வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அவிநாசி ரோட்டுப் பக்கமோ பொள்ளாச்சி ரோட்டுப் பக்கமோ ஏதாவது ஒரு மைதானத்தில் விளக்கு தொங்கவிடும் உலோகச் சட்டம் (ட்ரஸ்) ஏறிக்கொண்டே இருக்கும். ராக் கச்சேரியைப் படமெடுக்கப் பழக நினைப்பவர்களுக்கு வருடத்தில் வேறெப்போதும் இத்தனை மேடை கிடைக்காது. இந்த வாரம் கோவை, காங்கேயம், காரமடை, திருப்பூர் என்று ஒரு சுற்று. ஒரு ராக் படம் மேடை முன்னால் பிறந்து, ஆல்பம் அட்டைக்குப் போய், பனியன் மேல் அச்சாவதுவரை எல்லாமே கொங்கு மண்ணுக்குள்ளேயே நடக்க முடியும்.

கச்சேரி நாளை இரவு. படமெடுப்பவர் இன்று மாலையே மைதானத்தில் இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மேடையின் உயரம். கல்லூரி மேடைகளைப் பெரும்பாலும் ஐந்தடி, ஆறடி உயரத்தில் போடுகிறார்கள். கூட்டத்துத் தடுப்புக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 'பிட்' என்பார்கள். அங்கே நிற்கும் ஐந்தரை அடி ஆளுக்குப் பாடகரின் தாடையும் மேடை விளிம்பிலுள்ள மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியும்தான் தெரியும். டிரம்ஸ்காரர் சிம்பலுக்குப் பின்னால் மறைந்தே போவார். ஒன்றரை அடி மடக்கு ஸ்டூல் ஒன்று இருந்தால் நிலைமை மாறிவிடும். பாதுகாப்புக்கு நிற்பவர்களிடம் அதை முந்தைய நாளே காட்டிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். 1967 ஜூனில் மான்டெரே விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிடாருக்குத் தீ வைத்ததைப் படமெடுத்த எட் காராஃப் அப்போது 17 வயதுப் பள்ளி மாணவர். மேடையோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் எடுத்தார்.

அடுத்தது விளக்கு. இங்கே வாடகைக்கு வருபவை எல்.இ.டி. பார், மெல்லிய கதிராகச் சுழலும் ஷார்ப்பி, கூட்டத்தைப் பார்த்துப் பளீரென எரியும் பிளைண்டர், புகை மிஷின். எல்.இ.டி. விளக்கு கண்ணுக்கு நின்று எரிவதாகத் தெரிந்தாலும் உள்ளே விநாடிக்குப் பல நூறு முறை, சிலவற்றில் பல ஆயிரம் முறை, அணைந்து எரிகிறது. வெளிச்சத்தைக் குறைப்பதே இந்த அணைப்பு நேரத்தைக் கூட்டித்தான். வேகமான ஷட்டரில் இது படத்தின் குறுக்கே வரிவரியாக விழும். சவுண்ட் செக் நடக்கும்போதே சோதித்துவிடலாம். 1/1000 விநாடியில் தொடங்கி 1/500, 1/250, 1/160 என்று இறங்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படம். பிறகு விளக்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி இன்னொரு சுற்று, ஏனென்றால் மங்கும்போதுதான் வரி கூடும். எலக்ட்ரானிக் ஷட்டரை மேடை முன்னால் அணைத்து வைப்பதே நல்லது. சாதாரண சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க விநாடியில் முப்பதில் ஒரு பங்குவரைகூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/200 அளவில் முழுச் சென்சாரும் ஒரே சமயம் திறந்திருப்பதால் வரி பெரும்பாலும் அடங்கிவிடும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ட்யூப் லைட் எரியும் ஆடிட்டோரியத்தில் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/100 அல்லது 1/50 பொருந்தும்.

விளக்குக் கன்சோலில் இருப்பவரிடம் இன்றே பேசிவிட வேண்டும். நாளை சத்தத்தில் ஒன்றும் நடக்காது. "ஏனுங்கண்ணா, பாடறவங்க மூஞ்சிக்கு முன்னாடியிருந்து கொஞ்சம் வெள்ளை கெடைக்குங்களா?" என்று கேட்டால், "எவ்வளவு வேணுங்க தம்பி, இருவது போதுங்களா?" என்று ஃபேடரை ஏற்றியே காட்டிவிடுவார்கள். இருபது சதவீதம் முன்பக்க வெள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, மேடையின் நிறத்தையும் கெடுக்காது. ஆனால் முகத்தின் மேல் மூக்கும் கன்னமும் பிரிந்து தெரிய அது போதும். கேமரா ஃபோகஸ் பிடிக்கவும் அதுதான் உதவும்.

குழுவிடம் வாங்க வேண்டியது பாட்டு வரிசை. எந்தப் பாட்டில் கிடார் சோலோ, எங்கே எல்லா வாத்தியமும் நின்று மறுபடி ஒன்றாக விழுகிறது, எங்கே பாடகர் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டுகிறார் என்று பென்சிலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிளைண்டர் எரியும் இடத்தை விளக்குக்காரர் அதே தாளிலேயே குறித்துக் கொடுப்பார்.

கடைசி வேலை ஒப்பந்தத் தாள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவை இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பொதுவாகப் படத்தை எடுத்தவரே உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சில் எடுத்துக் கொடுத்த படம் பத்து வருடம் கழித்து ஆல்பம் அட்டையில் வந்தாலும் கேட்க முடியாமல் போவது இதனால்தான். தாளில் மூன்று செய்தி இருந்தால் போதும்: பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும், குழு தன் வலைப்பக்கங்களிலும் செய்திக் குறிப்புகளிலும் படத்தைப் பயன்படுத்தலாம், ஆல்பம், விற்பனைப் போஸ்டர், துணி அச்சு ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். இரண்டு தரப்பும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். விழா நடத்துபவர்கள் கொடுக்கும் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். எல்லாப் படமும் எங்களுக்கே என்ற வரி அங்கே ஒளிந்திருந்தால், அதை அடித்து இரு தரப்பும் கையெழுத்துப் போட இன்று மாலை நேரமிருக்கிறது. நாளை வாசல் நெரிசலில் யாரும் நின்று பேச மாட்டார்கள்.

வெள்ளி இரவு, கோவை

பையில் இரண்டு கேமரா பாடி. ஒன்றில் 24-70 மி.மீ. லென்ஸ், மற்றதில் 70-200, இரண்டும் எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). இந்த லென்ஸுகளின் விலை எட்டாதவர்கள் 50, 85 இரண்டிலும் எஃப் 1.8 வாங்கினால் சிறிய மேடைகளுக்குத் தாராளம். இருட்டில் அவை இன்னும் ஒரு படிக்கு மேல், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல், வெளிச்சம் வாங்கும். மைதானப் புழுதியில் லென்ஸ் மாற்றக் கூடாது. மாசியில் மழை இல்லாத மண், ஆயிரம் பேர் குதிக்கும்போது எழும் தூசு முழுவதும் சென்சாரில் ஒட்டும். இரண்டு கார்டு போடும் பாடியானால் இரண்டிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லி வைக்க வேண்டும்.

காதடைப்பான் இல்லாமல் பிட்டுக்குள் போகவே கூடாது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். பிட்டில் சப் ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கும். இந்தத் தொழிலில் கண்ணுக்கு முன்னால் காதுதான் போகும், போனால் திரும்பாது. பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

பெரிய கச்சேரிகளில் உலகெங்கும் ஒரே விதி: முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் கிடையாது. அதாவது பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பாட்டில் பாடகர் ஒருவரைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, ஐந்து பேர் குழுவில் மற்ற நால்வருக்கும் ஆளுக்கு ஒன்றாவது. இரண்டாவது பாட்டில் கை, வாத்தியம், ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. மூன்றாவதில் பின்னால் போய் விளக்கும் கூட்டமும் சேர்ந்த அகலப் படம். பெரும்பாலான விளக்குக்காரர்கள் முதல் பாட்டுகளில் கையைக் கட்டியே வைத்திருப்பார்கள். பெரிய வெளிச்சம் கடைசிப் பாட்டுகளுக்கு. அதனால் மூன்று முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், மைதான நடுவே இருக்கும் கன்சோல் மேடையில் நிற்க அனுமதி கேட்டு வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து கடைசிப் பாட்டின் முழு மேடையும் தலைகளும் கிடைக்கும்.

தொடக்க அளவு: சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 2.8, 1/250, எல்லாம் மேனுவல். கிடார்காரர் குதிப்பவரானால் 1/500. வரி விழும் விளக்கானால் 1/250-இலேயே நின்று, குதித்து உச்சியில் நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். டிரம்ஸுக்கு 1/320-இல் ஆள் நிற்பார், குச்சி நுனி மட்டும் கலங்கும். அதுதான் அடிக்கிற உணர்வைக் கொடுக்கும். கேமராவின் மீட்டரை நம்பினால் முகம் வெளுத்துப் போகும். பின்னணி முழுக்கக் கறுப்பாக இருப்பதால் படம் மங்கல் என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. முகத்தின் மேல் ஸ்பாட் மீட்டர் வைத்து அளந்து, ஒரு படி குறைத்து எடுப்பது பாதுகாப்பு. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறமாக வரும். 4000 கெல்வினில் பூட்டி, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்தால் பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தலாம்.

சிவப்பும் நீலமும் தனிக் கதை. சிவப்பு எல்.இ.டி. மட்டும் எரியும்போது சென்சாரின் சிவப்புப் புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும், பச்சையும் நீலமும் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். வெளிச்ச அளவைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால்தான் சிவப்பு வலது சுவரில் மோதி நிற்பது தெரியும். அப்படி வழிந்த முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒன்றரைப் படி குறைத்து எடுக்க வேண்டும். அப்படியும் பச்சைச் சானலில் கொஞ்சம் விவரம் தங்கியிருந்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காப்பாற்றலாம். நல்ல வழி, நேற்று பேசிவைத்த அந்த இருபது சதவீத வெள்ளை வரும் கணத்துக்காகக் காத்திருப்பதே.

நிற்கும் இடம் பற்றி ஒன்று. வலது கையில் மைக் பிடிக்கும் பாடகரைப் பார்வையாளர்களின் வலப் பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் திறந்து கிடைக்கும். இடப் பக்கம் போனால் முன்கையும் மைக்கும் வாயை மூடிவிடும். வலக்கைக் கிடார்காரருக்கும் அதே பக்கம்தான். அவர் இடக்கை விரல்களைப் பார்க்கவே தலையைத் திருப்புவார், அப்போது முகம் நம் பக்கம் வரும். கிடாரின் தலைப்பகுதி சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்படக் கூடாது; இசைக்காரர்கள் தங்கள் படத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். மைக் ஸ்டாண்டில் பாடுபவரை, வரி முடிந்து மூச்சு வாங்கப் பின்னால் சாயும்போது எடுக்க வேண்டும்.

லேசர் இருந்தால் கேமராவை அதன் நேர்க்கோட்டில் நீட்டக் கூடாது. கண்ணாடி வழியே குவிந்து விழும் கதிர் சென்சாரில் புள்ளிகளையும் கோடுகளையும் நிரந்தரமாக எரித்துவிடும். மேடையில் பொறி கக்கும் குளிர் வாணம் (கோல்டு பைரோ) வைக்கும் இடங்களை மேடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து விலகியே நிற்க வேண்டும்.

சனி, கோவை

இரவே பத்துப் படம் குழுவுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் மதியத்துக்குமேல் அந்தக் கச்சேரி பழைய செய்தி. முழுத் தொகுப்புக்கு இன்று. முதல் சுற்றில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விநாடி, வேண்டும் வேண்டாம் மட்டும். இரண்டாவது சுற்றில் ஒரே மாதிரியானவற்றில் ஒன்று. மூன்றாவதில் கண்ணும் கையும் சரியா, ஐந்து பேருக்கும் படம் இருக்கிறதா என்று. எண்ணூறு எடுத்தால் நாற்பது கொடுப்பது சரியான அளவு. பேஸ்காரரை மறந்த தொகுப்பு கெட்ட தொகுப்பு, எவ்வளவு நல்ல படம் இருந்தாலும்.

கூர்மையை மட்டும் வைத்துத் தள்ளிவிடக் கூடாது. 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியத்தில் க்ளாஷ் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிடாரை மேடையில் ஓங்கி அடித்து உடைத்தார். புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் பின்னால் நகர்ந்துகொண்டே எடுத்ததால் படம் ஃபோகஸ் தவறியிருந்தது. அட்டைக்கு அது வேண்டாமென்று அவரே வாதாடினார், குழு கேட்கவில்லை. 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் அட்டை அதுதான். முதுகு வளைந்த அந்த உருவத்தில் கோபம் இருக்கிறது. கூர்மையாக நின்று போஸ் கொடுத்த படத்தில் அது வந்திருக்காது.

தொழிலாக நிற்க நினைப்பவர்கள் இரண்டு பேரின் வாழ்க்கையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் புகைப்படக்காரராக இருந்தவர் பாரன் வோல்மன். சம்பளம் வேண்டாம், படங்களின் உரிமை தன்னிடமே இருக்கட்டும் என்று பேசிச் சேர்ந்தார். பிந்தைய காலம் முழுவதும் அந்தப் படங்களே அவருக்குப் புத்தகமாகவும் கண்காட்சியாகவும் வருமானமாகவும் இருந்தன. இன்னொருவர் ஜிம் மார்ஷல். முழு அனுமதி இல்லையென்றால் படமே எடுக்க மாட்டேன் என்று நின்றவர். 1966 ஆகஸ்ட் 29 அன்று பீட்டில்ஸ் குழு கேன்டில்ஸ்டிக் பார்க்கில் நடத்திய கடைசிக் கட்டணக் கச்சேரியில் மேடைக்குப் பின்னாலும் இருந்தார், 1969-இல் சான் குவென்டின் சிறையில் பாடகர் ஜானி கேஷுடனும் இருந்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014-இல், கிராமி அறங்காவலர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இசைக்காரர்கள் ஓய்வறையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போதும் அவரை வெளியே போகச் சொல்லாததற்குக் காரணம், அவர்களுக்குத் தீங்கு செய்யும் படத்தை அவர் வெளியே விட மாட்டார் என்ற நம்பிக்கை. கோவையின் ஐந்து பேர் குழுவிடமும் அந்த நம்பிக்கையை இப்போதே சம்பாதிக்கத் தொடங்கலாம். வாய் கோணிய படம், சட்டை ஏறி வயிறு தெரியும் படம், சண்டையின் நடுவே எடுத்த படம் எதையும் யாருக்கும் அனுப்பக் கூடாது.

சேமிப்பு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். கோப்பின் பெயரில் தேதி, குழு, ஊர். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்தவர் பெயர், தொடர்பு, உரிமை வரி, மேடையில் இருப்பவர்களின் பெயர் இவற்றை எழுதிவிட வேண்டும். இருபது வருடம் கழித்து அந்தக் குழுவைப் பற்றி யாராவது ஆவணப்படம் எடுக்கும்போது தேடிக் கண்டுபிடிக்க முடிகிற படத்துக்கே விலை.

ஞாயிறு, காங்கேயம் பக்கம்

இன்று ஆல்பம் அட்டைக்கான படப்பிடிப்பு. பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள், அப்புறம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம். முள்கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெளிர்ப் பட்டையோடு நிற்கும் வெள்வேல மரங்கள், மேயும் காங்கேயம் மாடு. ராக் குழுக்கள் மலையையும் கடலையும் தேடி ஓடுவதைப் பார்க்கும்போது, இந்த நிலம் ஏன் கண்ணில் படவில்லை என்று தோன்றும். 1986 டிசம்பரில் ஆன்டன் கோர்பின் யூ2 குழுவை மொஹாவே பாலைவனத்துக்கு அழைத்துப் போய் அகலப் படக் கேமராவில் எடுத்தார். அந்தப் பயணத்தில் வழியில் பார்த்த மரத்தின் பெயரே 'தி ஜோஷ்வா ட்ரீ' ஆல்பத்தின் பெயர். வறண்ட நிலத்துக்கு ஒரு கடுமை உண்டு. அது கறுப்பு வெள்ளையில் நன்றாக நிற்கும்.

கொறங்காடு தனியார் நிலம். தோட்டத்துக்காரரிடம் முந்தைய வாரமே போய்க் கேட்க வேண்டும். "ஐயா, காலைல ரண்டு மணி நேரம் போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றால், "எடுத்துக்கங்க கண்ணு, போகும்போது படலைச் சாத்தீட்டுப் போங்க" என்பார்கள். அந்தப் படல் முக்கியம், மாடு ரோட்டுக்குப் போய்விடும். அணை, காப்புக்காடு என்றால் துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 1969 டிசம்பரில் ஹென்றி டில்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸில் மாரிசன் ஹோட்டல் ஆள் அனுமதி மறுத்துவிட்டு நகர்ந்த இடைவெளியில் டோர்ஸ் குழுவை உள்ளே அனுப்பி ஜன்னல் வழியே எடுத்த படம் பெரும் புகழ் பெற்றது. இன்று அப்படி எடுத்தால் படத்தை வெளியிடும் நிறுவனம் இட அனுமதித் தாளைக் கேட்டு நிறுத்திவிடும்.

மாசியில் சூரியன் ஆறரைக்குமேல் எழும். எட்டு மணிவரை வெளிச்சம் பக்கவாட்டில் வரும், அதன்பின் கண்குழியில் நிழல் விழத் தொடங்கும். ஐந்து பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் பள்ளிக்கூட ஆண்டு விழாப் படமாகிவிடும். இருவரை முன்னால், ஒருவரைப் பத்தடி பின்னால் என்று ஆழத்தில் கலைத்து நிறுத்த வேண்டும். முழுச் சட்டகக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, நான்கு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டரிலிருந்து பதினெட்டு மீட்டர்வரை தெளிவாக இருக்கும். ஐந்து பேரும் கறுப்புச் சட்டை போட்டு வருவார்கள். உடல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறுப்புத் திட்டாகாமல் இருக்க ஆளுக்கு ஆள் ஒரு விரற்கடை வானமாவது இடைவெளி வேண்டும். குடை விளக்கு வைப்பதானால் ஸ்டாண்டின் காலில் பத்துக் கிலோ மணல் மூட்டை கட்ட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசியில் சாதுவாக இருக்கும், வைகாசி முதல் ஆவணிவரை எந்தக் குடையும் நிற்காது.

அட்டை சதுரம். இணைய இசைத் தளங்களுக்கு 3000-க்கு 3000 பிக்சல் வழக்கம். இசைத்தட்டு உறைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் சுமார் 3700. 24 மெகாபிக்சல் படத்தின் குறுகிய பக்கம் 4000 என்பதால் போதும், ஆனால் எடுக்கும்போதே சதுரமாக நினைத்து எடுத்தால்தான். ஆல்பத் தலைப்பை எழுத மேலே கால் பங்கு வானம் விட வேண்டும். எடுத்த படத்தைக் கேமராத் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்து, அப்போதும் உருவங்கள் பிரிந்து தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய் இரவு, காரமடை

ராக் படமெடுப்பவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அரங்கநாதர் கோயில் மாசி மகத் தேரையொட்டி நடக்கும் பந்த சேவையில், தீப்பந்தம் ஏந்தி மேளத்துக்கு ஆடுகிறார்கள். தாளமும் நெருப்பும் ஓடும் உடல்களும் சேர்ந்து கிடைக்கும் இதைவிட நல்ல பயிற்சி எந்த மேடையிலும் இல்லை. தீயின் வெளிச்சம் சுமார் 1900 கெல்வின். வெள்ளைச் சமநிலையை 3000 அளவில் வைத்தால் நெருப்பின் நிறம் தங்கும். அதை வெள்ளையாக்கத் திருத்தினால் படத்தின் உயிர் போய்விடும். எஃப் 1.8, 1/200, ஐ.எஸ்.ஓ. 6400. சுடரை அளவாகக் கொள்ளாமல், சுடர் பட்ட முகத்தை அளவாகக் கொள்ள வேண்டும்.

இங்கே கற்க வேண்டியது தாளத்துக்கு முன்னால் விரலை அழுத்துவது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் அரை விநாடி. கண்டு விரல் அழுத்தச் சுமார் 0.2 விநாடி ஆகும். குச்சி உயர்ந்ததைப் பார்த்து அழுத்தினால் அது மேளத்தில் விழுந்திருக்கும். அதனால் பார்க்காமல், எண்ணி அழுத்த வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உடலோடு எண்ணி, நாலுக்கு முன்னால். டிரம்ஸ்காரருக்கும் இதே கணக்குத்தான், ஜமாப் மேளத்தில் பழகியவருக்கு ராக் டிரம்ஸ் எளிதாக வரும். இது வழிபாடு என்பதால் ஆடுபவர்களின் வழியில் நிற்காமல், ஃப்ளாஷ் போடாமல், மேளக்காரர்களிடம் முதலிலேயே வணக்கம் சொல்லிக் கேட்டுவிட்டு ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். சட்டை பருத்தியாக இருக்கட்டும், எண்ணெய்ப் பொறி பாலியெஸ்டரில் ஒட்டினால் தோலோடு உருகும்.

புதன், திருப்பூர்

இசைக்குழுக்களின் வருமானத்தில் பனியன் பெரிய பங்கு. உலகின் எந்தெந்த மேடைக்கு முன்னாலோ விற்கும் பனியன்கள் இந்த ஊரில் தைக்கப்பட்டவை. வெள்ளி இரவு எடுத்ததில் ஒன்று, பாடகர் பின்னால் சாயும் படம், இன்று அச்சுக்குப் போகிறது.

கறுப்புத் துணியில் புகைப்படம் அச்சிட, பின்னணி முழுக்க இருட்டாக இருக்கும் படமே சிறந்தது. துணியே நிழலாகிவிடும், வெள்ளை மசி வெளிச்சத்தை மட்டும் எழுதும். ஒற்றை நிறத்தில் முடித்தால் செலவும் குறைவு, அழகும் கூடுதல் என்பது எங்கள் கருத்து. நான்கு நிறத்தில் போனால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும். கை வைத்தால் தடிப்பாக இருக்கும், வியர்க்கும். அச்சு அளவு 12-க்கு 16 அங்குலம் என்றால் 300 புள்ளி வீதம் 3600-க்கு 4800 பிக்சல் வேண்டும். படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும்போது அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிசை போதும். அதற்கு மேல் போனால் பனியன் துணியின் பின்னல் புள்ளியை விழுங்கிவிடும். ஃப்ரேமில் கட்டும் வலை, செ.மீ.க்கு 90 முதல் 120 இழை. புள்ளிச் சாய்வு 22.5 பாகை, வலையின் கண்ணோடு மோதி அலைக்கோடு விழாமல் இருக்க.

பட்டறையில் எல்லோரும் சொல்லும் பிரச்சினை ஒன்றுதான்: மசி பரவும். திரையில் 50 சதவீதமாகத் தெரியும் இடம் துணியில் 65, 70 ஆகிவிடும். வெள்ளை மசியில் இது முகத்தை வெளுக்கவைக்கும். அதனால் கோப்பைக் கொடுக்கும் முன்பே நடுத்தர வெளிச்சங்களை இறக்கி, கணினியில் பார்க்கக் கொஞ்சம் கனமாக, இருட்டாகத் தெரியும்படி கொடுக்க வேண்டும். ஒரு மாதிரி அச்சு கேட்டு வாங்கித்தான் ஆர்டர் உறுதி செய்ய வேண்டும். சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மசியானால் சுமார் 160 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குமேல் வேக வேண்டும். வேகாத அச்சை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால் வெடிக்கும். மாதிரியை ஐந்து முறை துவைத்து, நிழலில் காயவைத்து, பிறகு முடிவெடுக்கலாம். துணி 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) முழுப் பருத்தி நல்லது. பாலியெஸ்டர் கலந்தால் துணியின் சாயம் சூட்டில் ஏறி வெள்ளை மசியைச் சாம்பலாக்கும்.

1974-இல் நியூயார்க்கில் ஒரு மாடியில் பாப் க்ரூயன் எடுத்த ஜான் லெனன் படத்தில், லெனன் போட்டிருக்கும் 'நியூயார்க் சிட்டி' பனியன், க்ரூயன் தெருக்கடையில் வாங்கிக் கைப்பகுதியை வெட்டிக் கொடுத்தது. அந்தப் படமே பின்னால் எத்தனையோ பனியன்களில் ஏறியது.

பனியனுக்கான ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எந்தப் படம், எத்தனை உருப்படி, எந்த அளவு அச்சு, எந்த நாடுகள், எத்தனை மாதம். பதிப்புரிமையை எழுதிக்கொடுக்கும் தாளில் கால அளவு குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உரிமையை மாற்றாமல் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுப்பதே நல்லது. முந்நூறு உருப்படிக்கு ஒரு தொகை, அதற்குமேல் அச்சிட்டால் உருப்படிக்கு இவ்வளவு என்று இரண்டு வரி. படம் எடுத்தவரின் உரிமை மட்டும் போதாது. பனியனில் முகமும் பெயரும் வரும் குழுவினர் ஐந்து பேரும் சம்மதக் கையெழுத்திட வேண்டும். அச்சு முடிந்ததும் பாசிட்டிவ் பிலிமையும் ஃப்ரேமில் ஏற்றிய வடிவத்தையும் அழித்துவிட வேண்டும் என்ற வரியைப் பட்டறையின் ஆர்டர் தாளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். முதல் கட்டு வெளியே வரும்போதே, கழுத்துப் பட்டைக்குள் படம் எடுத்தவர் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று ஒன்றை உருவிப் பார்த்துவிட வேண்டும்.